நடுவில் நின்ற தண்ணீர்

தளத்தின் மேல் தண்ணீர் நடுவில் மட்டும் நின்றது. ஓரமெல்லாம் வடிந்து வெளுத்துக் கிடக்க, கூடத்துக்கு நேர் மேலே ஒரு குட்டை. அதில் வானம் தெரிந்தது. முந்தின நாள் பகலில் கான்கிரீட் ஊற்றி முடித்து, ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பியபோதுதான் மழை பிடித்துக்கொண்டது. பெய்து ஓய்ந்த மழை ஒரு தளத்தில் எங்கேயும் நிற்கக் கூடாது. நின்றால் எங்கும் ஒரேபோல மெல்லிசாக நிற்க வேண்டும். ஏணியின் மேல்படியில் நின்றபடியே முட்டுக்காரர் அதைப் பார்த்தார்.

கீழே பார்த்து, "மாப்பிள்ளை, கொஞ்சம் மேல வாங்க" என்றார்.

மேஸ்திரியான மருமகன் ஏறி வந்து பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை, அல்லது புரிய வேண்டாம் என்று இருந்தது.

"மழைத் தண்ணிதானே மாமா, துடைப்பத்தால தள்ளி விட்டுட்டா போச்சு."

முட்டுக்காரர் மடியிலிருந்த நூல்கண்டை எடுத்து ஒரு நுனியை அவன் கையில் கொடுத்து எதிர்ச் சுவர்ப் பக்கம் போகச் சொன்னார். இந்தச் சுவர் மேலிருந்து அந்தச் சுவர் மேலுக்கு நூலை இழுத்துப் பிடித்தார்கள். நடுவில் நூல் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அவர் குனிந்து, நாலு விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நூலுக்கும் தளத்துக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார். இன்னும் இடம் மிச்சம் இருந்தது. தளம் தொப்பை விழுந்திருந்தது.

மருமகன் நூலை விட்டுவிட்டான்.

முட்டுக்காரர் என்பது வேலையிடத்தில் அவருக்கு விழுந்த பெயர். சென்டரிங் அவர் தொழில். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் கீழே மரமுட்டுகளையும் இரும்பு ஜாக்கிகளையும் நிறுத்தி, அவற்றின் மேல் சட்டமும் ஷீட்டும் பரப்பிக் கொடுப்பார். ஊற்றின கான்கிரீட் இறுகித் தன் பாரத்தைத் தானே சுமக்கப் பழகும்வரை அதைச் சுமந்து நிற்பவை அவருடைய முட்டுகள்தான். பழகின பிறகு அத்தனையையும் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். கொத்தனார் பிள்ளைகுட்டிகளை அழைத்துப்போய் "இந்தச் சுவர் நான் வச்சது" என்று காட்டலாம். தச்சர் கதவைக் காட்டலாம். முட்டுக்காரர் கட்டியது எதுவும் வீட்டுக்காரர் குடிவரும் நாளில் அங்கே இருக்காது. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. தன் வேலை நன்றாக இருந்தால் யாருக்கும் தன் நினைப்பே வராது என்பதை அவர் சிறு வயதிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

ஆனால் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அண்ணாந்து பார்ப்பார். ஆஸ்பத்திரியானாலும் சரி, கல்யாண மண்டபமானாலும் சரி. ஷீட்டுகள் சேர்ந்த கோடு பூச்சுக்குள்ளே மறைந்திருக்கிறதா, ஒரு மூலை கனமாக இருக்கிறதா, கனமாக இருந்தால் எதை மூடப் பூசினார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். "என்னைப் பொண்ணு பார்க்க வந்த மனுஷன் எங்க வீட்டு மேல்தளத்தைத்தான் பார்த்துட்டுப் போனாரு. பொண்ணு எப்படின்னு கேட்டதுக்கு, தொங்கல் இல்லாம நல்லா இருக்குன்னாராம்" என்று அவர் மனைவி இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

மருமகன் அவரோடு பல இடங்களில் வேலை பார்த்த கொத்தனார்தான். அவன் வைத்த செங்கல் வரி, நூல் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நேராகப் போகும். அந்தக் கையைப் பார்த்துத்தான் மகளைக் கொடுத்தார். அதுவரை அவனை அவர் கூப்பிட்ட விதமே வேறு. "டேய், எருமை, சாரத்துல ஏன்டா சாஞ்சுக்கிட்டு நிக்கிற" என்றுதான் ஆரம்பிப்பார். கல்யாணமாகி முதல் நாள் வேலைக்கு வந்தவனை "வாங்க மாப்பிள்ளை, டீ சாப்பிட்டீங்களா" என்று கேட்டபோது கலவை போட்டுக்கொண்டிருந்த சித்தாள்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். "எருமைக்கு வந்த யோகத்தைப் பாருங்கடி" என்றாள் ஒருத்தி. அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் அந்த 'ங்க'வை விட்டு இறங்கவே இல்லை. மருமகன் மருமகன்தான். அவனிடம் ஏதாவது குறை சொல்ல வேண்டுமானால் மனைவியிடம் சொல்வார். அவள் மகளிடம் சொல்வாள். மகள் நல்ல நேரம் பார்த்து, பாதியைக் குறைத்து அவனிடம் சொல்வாள். அவனுக்குப் போய்ச் சேரும்போது அது குறையாகவே இருக்காது.

இந்த வீடு அவன் மேஸ்திரியாகப் பொறுப்பெடுத்த முதல் வீடு. கட்டுகிறவள் ஒரு நர்ஸம்மா. புருஷன் இல்லை, படுக்கையோடு படுக்கையாகக் கிடக்கும் மாமியார் உண்டு. வாடகை வீட்டு மாடிப்படியில் மாமியாரைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி அவளுக்கு முதுகு போய்விட்டது. தரைத்தளத்தில் ஒரு வீடு, கூடத்தை ஒட்டியே மாமியாருக்கு ஒரு சின்ன அறையும் குளியலறையும். அதுதான் அவள் கேட்டது. அவள் அவசரப்படுகிறாள், அவசரப்படுகிறாள் என்று மருமகன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அஸ்திவாரத்தில் அவன் குறை வைக்கவில்லை. கெட்டித் தரை வருகிற வரைக்கும் தோண்டினான். பில்லருக்குக் கம்பி கட்டியதை இன்ஜினியரை வரவழைத்துக் காட்டினான். பேஸ்மட்டச் சுவர் அளவெடுத்த மாதிரி நின்றது. சறுக்கியது அந்தச் சுவர்களுக்கு நடுவே மண் நிரப்புகிற இடத்தில். அது வேலையிலேயே சுவாரசியம் இல்லாத வேலை. கொஞ்சம் மண் கொட்டிப் பரப்ப வேண்டும், தண்ணீர் விட வேண்டும், திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். மறுபடி கொஞ்சம் மண், மறுபடி தண்ணீர், மறுபடி இடி. மேலே வந்த பிறகு தண்ணீரைக் கட்டி நிறுத்தி, மண் குடிக்கிற மட்டும் குடித்து உட்காரட்டும் என்று விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் போர்க்குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. பக்கத்தில் எங்கோ இடித்த பழைய கட்டடத்தின் இடிபாடு சும்மா கிடைத்தது. மருமகன் அதை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து உள்ளே தள்ளி, மேலே நல்ல சிவப்புக் கிராவல் மண்ணைப் பரப்பி, பார்ப்பதற்குச் சந்தனம் பூசினாற்போல நிரவி விட்டான்.

முட்டு நிறுத்த வந்த அன்று முட்டுக்காரர் வழக்கம்போல் கடப்பாரையை ஓங்கித் தரையில் போட்டார். கிராவல் மண்ணென்றால் கொஞ்சம் இறங்கிச் சட்டென்று நிற்கும். இது கிராவலைத் தாண்டியதும் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கி, உள்ளே எதிலோ பட்டுச் சரிந்தது. கையை எடுத்தபோது கடப்பாரை தானாகவே சாய்ந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மருமகன் வாசலில் நின்று சித்தாள்களை விரட்டிக்கொண்டிருந்தான். புது மேஸ்திரிக்குக் குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். வேறு எவனாவது மேஸ்திரியாக இருந்திருந்தால் முட்டுக்காரர் கடப்பாரையை அங்கேயே எறிந்துவிட்டு, "இந்தக் குப்பைமேட்டுல எவன்டா முட்டு நிறுத்துவான்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருப்பார். கத்தியும் இருக்கிறார், பல பேரிடம். அன்றைக்கு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் தன் ஆட்களைக் கூப்பிட்டு, முட்டுக்கு அடியில் வைக்கிற பலகையை அகலமானதாகப் பார்த்து எடுக்கச் சொன்னார். சில இடங்களில் இரட்டையாகப் போட்டார். பாரம் பரவிப் போய்விடும், காய்ந்த மண் தாங்கிவிடும், ஷீட்டைப் பிரித்த பிறகு மருமகனிடம் பக்குவமாகச் சொல்லித் தரைக்குத் தண்ணீர் கட்ட வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

காய்ந்த மண் தாங்கத்தான் செய்தது. மழை வரும்வரை.

இருவரும் இறங்கிக் கூடத்துக்குள் போனார்கள். முட்டுகளுக்கு நடுவே குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. பின்வாசல் திறப்பு வழியாகத் தெருத்தண்ணீர் உள்ளே வந்திருந்தது. சுவரில் முந்தின நாள் வரைக்கும் கிராவல் இருந்த மட்டத்தில் ஒரு சிவப்புக்கோடு. தரை அந்தக் கோட்டைச் சுவரிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் கீழே இறங்கியிருந்தது. பலகைகள் ஒருக்களித்துச் சேற்றில் புதைந்திருந்தன. முட்டுக்காரர் ஒரு ஜாக்கியைக் கையால் தட்டினார். ஆடியது. பாரம் சுமக்கிற முட்டு ஆடாது.

ஜாக்கிகளைத் திருகித் தளத்தை மேலே தூக்கிவிடலாம், இன்னும் பச்சையாகத்தானே இருக்கிறது என்று மருமகன் சொன்னான். முட்டுக்காரர் வேண்டாம் என்றார். இறுக ஆரம்பித்துவிட்டது, இனிமேல் தூக்கினால் மேலே பிளக்கும். அப்படியானால் கீழ்ப்பக்கம் ஓரங்களில் கனமாகப் பூசி மட்டமாக்கிவிடலாம் என்றான். அவர் ஆடின ஜாக்கியை இன்னொரு தடவை தட்டிக் காட்டினார். அவன் சுவரில் சாய்ந்து நின்று சிவப்புக்கோட்டை நகத்தால் சுரண்டினான். கடைசியில் அவனே இன்ஜினியருக்குப் போன் செய்து தளத்தில் சின்னத் தொய்வு என்றான். எதையும் தொடாதீர்கள், நாளைக் காலை வருகிறேன் என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. நர்ஸம்மாவையும் வரச் சொல்லிவிட்டார்களாம்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும் முன்பே சேதி நுழைந்திருந்தது. மகளிடமிருந்து மனைவிக்கு, எப்போதும் போகிற பாதையில் தலைகீழாக. மனைவி சோற்றைப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்தால் கேட்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

பழைய ஜாக்கி ஒன்று திருகுமரை தேய்ந்து வழுக்கிவிட்டது என்று அவர் சொல்லிவிட வேண்டுமாம். ஒன்று வழுக்கினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. மருமகன் இதைக் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை, தானாகத்தான் சொல்வதாக மனைவி சொன்னாள். மரை தேய்வதெல்லாம் மனைவிக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

"உங்க பேரு காஞ்சு இறுகின பேரு. ஒரு அடி விழுந்தாலும் தாங்கும்" என்றாள். "அவர் பேரு நேத்து ஊத்தினது. இப்ப ஒருத்தர் கால் வச்சா அப்படியே பதிஞ்சுடும்."

"கட்டடத்துல வேலை பார்க்கறவன் நானா, நீயா?"

"உங்களோட இத்தனை வருஷம் குப்பை கொட்டினதுக்கு இதுகூடத் தெரியாதா?"

அவர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பாகவும் தெரியவில்லை. பலகையை இரட்டையாகப் போட்டு மூடியது அவர்தானே. மருமகன் மேல் பழி விழுந்தால் அடுத்த வீடு அவனுக்குக் கிடைக்காது; மறுபடி இன்னொரு மேஸ்திரிக்குக் கீழே கூலிக்குப் போவான்; அந்தக் கசப்பையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவான் என்று அவருக்குத் தெரியும். தன் மேல் விழுந்தால் கொஞ்ச நாள் பேசுவார்கள். கை கழுவும்போது மகளிடமிருந்து போன் வந்தது. சாப்பிட்டீர்களா, கால்வலி எப்படி இருக்கிறது என்று சுற்றிச் சுற்றி வந்தாள். நாளைப் பேச்சை அவர்தான் எடுத்தார்.

"நீங்க எதைச் சொன்னாலும் சொல்லுங்கப்பா. ஆனா அதுக்கப்புறம் நான் இந்த வீட்லதான் இருக்கணும்."

அப்போதே அவர் முடிவு செய்துவிட்டார். ஜாக்கிதான் வழுக்கியது.

இன்ஜினியர் காலையில் சொன்ன நேரத்துக்கு வந்தாள். வயது மகளைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஏணியில் ஏறித் தளத்தை நடந்து பார்த்தாள், இறங்கிவந்து முட்டுகளுக்குள் நுழைந்து பார்த்தாள், சேற்றையும் பார்த்தாள். தரை ஈரத்தைப் பற்றி அவள் கேட்பதற்கு முன்னால் முட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"ஜாக்கி வழுக்கிடுச்சும்மா. பழசு. மாத்தியிருக்கணும், என் தப்புதான்."

சொல்லிவிட்டு மருமகனைப் பார்க்காமல் இருப்பதற்காக அண்ணாந்து பார்த்தார். ஷீட்டு இடுக்குகளில் கசிந்த சிமெண்டுப்பால் சொட்டுச் சொட்டாகக் காய்ந்து தொங்கியது.

கூடத்துத் தளத்தை மட்டும் உடைத்து எடுத்துவிட வேண்டும் என்றாள் இன்ஜினியர். பீம்கள் நன்றாக இருக்கின்றன, நாள் போனால் இறுகிப் பாறையாகிவிடும், அதனால் இப்போதே உடைப்பது நல்லது, செலவு சென்டரிங்காரருடையது. கோபப்பட்டுச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட காயங்களை நிறையப் பார்த்த டாக்டரைப் போலச் சொன்னாள். நர்ஸம்மா வாசலில் அடுக்கியிருந்த செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். வெள்ளைச் செருப்பில் சேறு ஒட்டியிருந்தது. அதை ஒரு குச்சியால் வழித்துக்கொண்டே ஏதோ கணக்குப் போடுகிறவள்போல இருந்தாள்.

பிறகு அவள் ஒரு யோசனை சொன்னாள். தளம்தானே போச்சு, தரை இருக்கிறதே. மேலே உடைத்துத் திரும்பப் போட எப்படியும் நாளாகும். கூடத்தை ஒட்டிய அந்தக் கோடிப் பக்கம் இன்னும் தளம் போடவில்லை, முட்டும் இல்லை. மாமியாருடைய அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் வைக்கிற மெல்லிய சுவரையும், தரைக்கு அடியில் போகிற குழாய்களையும் இந்த வாரமே ஆரம்பித்துவிட்டால் காலம் வீணாகாதே?

இன்ஜினியர் முட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அது அஸ்திவாரம் இல்லாத சுவர், தரை மேலயே நிக்கும். ஜாக்கிதானே வழுக்கினது, அண்ணே? தரை கெட்டியா இருக்கில்ல? அப்படின்னா ஆரம்பிச்சுடலாம்."

முதல் பொய்யை அவர் வீட்டிலிருந்தே தயார் செய்து கொண்டுவந்திருந்தார். இதற்குத் தயாராக வரவில்லை. அந்தச் சுவர் இடிபாட்டின் மேல் நிற்கும். குளியலறைத் தண்ணீர் தினம் தினம் கீழே இறங்கும். குழாய்ச் சேர்மானம் மண்ணோடு இறங்கி விட்டுவிடும். சுவர் ஒருநாள் சாயும். அதன் பக்கத்தில் எழுந்திருக்க முடியாத ஒருத்தி படுத்திருப்பாள். மருமகன் வாயைத் திறப்பானோ என்று பார்த்தார். அவன் ரசமட்டத்தை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே இருந்த குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எந்தப் பக்கம் போனால் என்ன இப்போது. மகள் சொன்னது காதில் இருந்தது.

"இல்லம்மா. ஜாக்கி வழுக்கலை. மண்ணுதான் இறங்கிச்சு. உள்ள இருக்கறது முழுக்க இடிபாடு. தண்ணி கட்டலை, இடிக்கலை."

ரசமட்டம் சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள் இன்ஜினியர்.

"முட்டு நிறுத்தற அன்னைக்கே."

அவள் ஓர் ஆளை அழைத்து அந்தக் கோடியில் தோண்டச் சொன்னாள். கிராவலின் தோல் உரிந்ததும் உடைந்த ஓடு வந்தது, பாதிச் செங்கல்கள் வந்தன, ஜன்னல் சட்டத்தின் ஒரு துண்டு, யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் குடம் நசுங்காமல் முழுசாக வந்தது. குடத்தைச் சுற்றிலும் காற்றுதான் இருந்தது. எல்லாவற்றையும் வாரி வெளியே போட வேண்டும் என்றும், புதிதாக நிரப்பும்போது ஒவ்வோர் அடுக்கையும் தான் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த அடுக்கு என்றும் மருமகனிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான். உடைக்கிற செலவும் இனி அவன் தலையில்தான் என்பதை அவள் சொல்லாமலே எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

நர்ஸம்மா எழுந்து குழிக்கு அருகில் வந்து அந்தக் குடத்தைப் பார்த்தாள். தண்ணீர் இல்லை, நாளாகும் என்று என்னிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் அந்த மாடிப்படியிலேயே தூக்கிக்கொண்டு ஏறியிருப்பேனே என்றாள். மருமகனைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் போகும்போது முட்டுக்காரர் முன்னால் நின்றாள்.

"மேஸ்திரியே செய்யட்டும். செஞ்சது அவர்தான், சரி பண்றதும் அவர்தான். அவர் தெரியாம செஞ்சுட்டாருன்னு நான் நினைச்சுக்கறேன். நீங்க தெரிஞ்சு செஞ்சீங்க. உடைக்கறதுக்கு முட்டு நிறுத்திக் குடுத்துட்டு உங்க சாமானை எடுத்துட்டுப் போயிடுங்க. திரும்பத் தளம் போட வேற ஆள் பார்த்துக்கறேன்."

அவர் சரி என்றார். வேறென்ன சொல்வது. அவளிடம் அவர் குறையேதும் காணவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நியாயம் இல்லாமல் திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லியாவது ஆற்றியிருக்கலாம்.

மகள் அந்த வாரம் வரவில்லை. போனில் அவள் அம்மாவிடம் மட்டும் பேசினாள். மனைவி சோற்றைப் பரிமாறிவிட்டு அடுப்படிக்கே போய்விட்டாள், எதிரில் உட்காரவில்லை. முட்டுக்காரர் தனியாகச் சாப்பிட்டார். அவர் பார்வை பழக்கதோஷத்தில் மேலே போகும்போதெல்லாம் அங்கே பார்க்க ஒன்றும் இல்லாததுபோல இருந்தது.

உடைக்கிற வேலை மெதுவாக நடந்தது. கீழே முட்டு வேண்டும், ஆனால் முழுப் பாரமும் ஒரே இடத்தில் விழுந்துவிடக் கூடாது. எந்தத் துண்டை முதலில் எடுப்பது, அதற்கு அடியில் எந்த ஜாக்கியை எப்போது தளர்த்துவது என்று அவர் சொல்லச் சொல்ல, மேலே சம்மட்டி இறங்கியது. மருமகன் மற்றவர்களோடு வேலை பார்த்தான். அவரிடம் பேசவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் பக்கத்து ஆளிடம் கேட்டான். அந்த ஆள் திரும்பி அதையே அவரிடம் கேட்டான். நேற்று வரைக்கும் "மாமா, மாமா" என்று கூப்பிட்டவன். சித்தாள்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எருமை என்று சிரித்தவள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு கல் சுமந்தாள்.

கடைசித் துண்டு இறங்கின பிறகு கூடம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. கம்பிகளை வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஆள் இல்லாமல் போனதால் மருமகன் நேராகவே பேசும்படி ஆயிற்று.

"அன்னைக்கே நீங்க என்னைத் திட்டியிருக்கலாம்."

முட்டுக்காரர் வெட்டுவதை நிறுத்தவில்லை. "மாப்பிள்ளையை எப்படிங்க திட்டறது?"

"முன்னாடியெல்லாம் எப்படித் திட்டினீங்க? திட்டியிருந்தா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன். அவ்வளவுதானே." அவன் ஒரு கம்பியை மடக்கி உதறினான். "தெரிஞ்சுக்கிட்டுப் பலகை போட்டு மூடிட்டு, கடைசில எல்லாரும் இருக்கறப்பப் போட்டு உடைச்சீங்க. அதுக்கு முதல்லயே திட்டியிருக்கலாம்."

முட்டுக்காரர் அடுத்த கம்பியை வெட்டினார். அவன் கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

இடிபாடு முழுவதும் வாரி எறியப்பட்டு, கூடம் குழியாக நின்ற பிறகு, ஷீட்டுகளை ஏற்ற வண்டி வந்தது. முட்டுக்காரர் தன் ஆட்களோடு ஷீட்டை ஷீட்டின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே புது மண் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள். இன்ஜினியர் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் முதல் அடுக்கு தயாராக வேண்டும் என்று மருமகன் விரட்டிக்கொண்டிருந்தான். தள்ளுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. முட்டுக்காரர் வாசல் வழியாக ஒரு தடவை பார்த்தார். திரும்பிக்கொண்டார். ஒரு ஷீட்டைத் தூக்கினார். மறுபடி பார்த்தார். மண் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. அந்தக் கனத்தில் மேல்மண் இடிபடும்; அடிமண்ணுக்குச் சேதியே போகாது. மேலே தண்ணீர் ஊற்றித் திமிசு போட்டு மழுப்பினால் இன்ஜினியர் கண்ணுக்கும் தப்பலாம்.

இப்போது இது அவர் வேலையிடமே இல்லை. ஷீட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார்.

"டேய்!"

எல்லாத் தள்ளுவண்டிகளும் நின்றன. மருமகன் திரும்பினான்.

"அறிவிருக்காடா உனக்கு? எவ்வளவு கனத்துல கொட்டற? இதை இடிச்சா இது இறங்குமா? பாதியை வாரி வெளிய போட்டுட்டு அப்புறம் தண்ணி விடு."

குரல் தெருவரைக்கும் போயிற்று. எதிர்வீட்டு ஜன்னலில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். மருமகனுடைய காதுகள் சிவந்து, பிறகு முகம் முழுக்கச் சிவந்தது. அவன் கையில் மண்வெட்டி இருந்தது. ஒரு நிமிஷம் அவன் அதை என்ன செய்யப்போகிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு குழிக்குள் இறங்கி, யாரையும் கூப்பிடாமல், தானே மண்ணை வாரி வெளியே எறிய ஆரம்பித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். வண்டி கிளம்பும்வரை அவன் நிமிரவில்லை. போய்வருகிறேன் என்று இவரும் சொல்லவில்லை.

மாலையில் போன் அடித்தது. மனைவி எடுத்து, கேட்டு, அவரிடம் நீட்டினாள்.

"என்னப்பா சொன்னீங்க அவரை? வந்ததுலேர்ந்து சட்டையைக்கூடக் கழட்டாம உட்கார்ந்திருக்காரு."

"மண்ணைப் பத்திச் சொன்னேன்."

"எல்லார் முன்னாடியுமா? வாடா போடான்னா?"

"ஆமா."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது. மகள் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ கேட்டாள். பதில் வந்ததா இல்லையா என்று இவருக்குக் கேட்கவில்லை.

"பாதியை வாரிப் போட்டானா இல்லையா, அதைக் கேளு" என்றார்.

"போட்டாராம்" என்றாள் மகள் கொஞ்சம் கழித்து. "சரிப்பா, வைக்கிறேன். அவருக்குச் சோறு போடணும்."